வேறு வைத்தலும் வாடகை வீடும்

சென்ற ஆவணியில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்று நடந்தது. அதன் தொடர்ச்சியாக, மணமக்கள் சென்னையில் வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டில் பால் காய்ச்சும் சடங்குக்குச் சென்றிருந்தேன். இரண்டு அறைகளும் ஒரு சமையற்கட்டும் கொண்ட சிறிய அடுக்குமாடி வீடு. சுவரில் புதுச்சுண்ணாம்பு வாடை இன்னும் போகவில்லை. அடுப்பின் மேல் பால் பொங்கி வழிந்ததும் எல்லோரும் மகிழ்ந்து நின்ற வேளையில், பெரியவர் ஒருவர் வாயைத் திறந்தார்.

"எங்க காலத்துல இதெல்லாம் ஏது? கல்யாணம் ஆச்சுன்னா பொண்ணு மாமியார் வீட்டுலதான் இருக்கும். தனிக்குடித்தனம்ங்கறதே வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பழக்கம்."

யாரும் மறுமொழி சொல்லவில்லை. பையனின் தாய் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வீட்டை அலைந்து தேடிப் பிடித்தவரும், முன்பணத்தில் பாதியைத் தம் வளையல்களை அடகு வைத்துக் கொடுத்தவரும் அவரே. ஏதோ தகாத காரியம் செய்துவிட்டவர் போல் அன்று முழுதும் அவர் ஒடுங்கியே இருந்தார். சடங்கு வீட்டில் பெரியவரோடு வாதாடுவது முறையன்று என்பதால் நானும் பாயசத்தைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஆயினும் அந்தத் தாயின் முகம் மனத்தைவிட்டு அகலவில்லை. அங்கே சொல்லாததை இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பெரியவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய முதல் மறுமொழி சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. மங்கல வாழ்த்துப் பாடலில் கண்ணகிக்கு வயது 12, கோவலனுக்கு 16. மாநாய்கனும் மாசாத்துவானும் ஒருவர்க்கொருவர் குறையாத பெருஞ்செல்வர்கள். யானையின் மேல் மகளிரை ஏற்றிப் புகார் நகரெங்கும் திருமணச் செய்தியை அறிவிக்கிறார்கள். அடுத்த காதைக்குப் பெயரே மனையறம்படுத்த காதை. அதன் பெரும்பகுதி கோவலன் கண்ணகியைப் பாராட்டிப் பேசும் புகழ்மொழிகள். பள்ளிக்கூடத்தில் நாம் மனனம் செய்ததும் அப்பகுதியைத்தான். ஆனால் காதையின் தலைப்புக்குரிய செய்தி கடைசிச் சில அடிகளில் மட்டுமே வருகிறது. புகழ்மொழிகளில் மயங்கி நின்றுவிடும் நாம் அவ்வடிகளை விரைந்து கடந்துவிடுகிறோம்.

அவ்வடிகள் சொல்லும் செய்தி இதுதான்: குடும்பத்தின் பெருமை வாய்ந்த மூத்த தலைவி, அதாவது உரை வழக்கின்படி மாசாத்துவானின் மனைவி, இளந்தம்பதியரைத் தனியே ஒரு மனையில் வாழவைக்கிறாள். வேறாகப் பிரித்துக் கொடுத்த செல்வத்தைக் கொண்டு மருமகள் அறம் செய்வதையும் விருந்தினரைப் பேணுவதையும் தன் கண்ணால் காண வேண்டும் என்பது அவள் விருப்பம். பணிசெய்யும் சுற்றத்தாரையும் அவர்களோடு அனுப்புகிறாள். அவ்வாறு மனைக்கு உரிமை பூண்ட நிலையில் கண்ணகிக்குச் சில ஆண்டுகள் கழிந்தன என்று காதை முடிகிறது.

தனிக்குடித்தனம் வைத்தவள் மாமியார் என்பதை வாசகர்கள் நோக்க வேண்டும். சண்டையில்லை, மருமகள் கேட்டுப் பெறவும் இல்லை, மகன் கோபித்துக்கொண்டு வெளியேறவும் இல்லை. சிலப்பதிகாரத்தின் காலம் குறித்து அறிஞரிடையே உடன்பாடு இல்லை. எந்தக் கணக்கை ஏற்றாலும் வெள்ளைக்காரர் கப்பல் நம் கரையைத் தொடுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட நூல் அது. அதில் ஒரு வணிகக் குடும்பத்து மூத்த பெண், புதுமணத் தம்பதியரைத் தனி மனையில் வைப்பதைத் தன் கடமைகளுள் ஒன்றாகக் கொள்கிறாள். இளங்கோவும் அதை வியப்புக்குரிய செய்தியாகச் சொல்லவில்லை. கேட்பவர்க்குத் தெரிந்த வழக்கம் என்ற தொனியிலேயே சொல்லிச் செல்கிறார்.

காவியத்தில் வரும் ஒரு செல்வக் குடியின் வழக்கத்தைக் கொண்டு ஊர் வழக்கத்தை முடிவு செய்யலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சங்கப் பாடல்களில் மகளின் புதுமனையைக் கண்டு வந்த செவிலித்தாய் நற்றாயிடம் செய்தி சொல்லும் துறை ஒன்று உண்டு. குறுந்தொகையின் 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது, அத்துறையில் அமைந்தது. முற்றிய தயிரைப் பிசைந்த விரலை உடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிக்கும் புகை கண்ணில் படியத் தானே புளிக்குழம்பை வைத்த பெண், கணவன் இனிது என்று உண்டதைக் கண்டு முகம் மலர்கிறாள். நற்றிணையின் 110ஆம் பாட்டில், போதனார், தேன் கலந்த பாலை உண்ண மறுத்து ஓடிய செல்லப் பெண் ஒருத்தியைக் காட்டுகிறார். இப்போது கணவன் குடி வறுமையுற, ஒருவேளை விட்டு ஒருவேளை உண்ணும் வன்மை பெற்றிருக்கிறாள் அவள்; தந்தை வீட்டுச் சோற்றை நினைத்தும் பார்ப்பதில்லை. இப்பாடல்களில் மாமியார் தென்படவில்லை. அதனால் அவள் அந்த வீட்டில் இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. ஆனால் செவிலி பார்க்கச் சென்றது யாருடைய சமையலை, யாருடைய அடுப்பை என்பதில் ஐயமில்லை.

இலக்கியத்தை விட்டு வாழ்க்கைக்கு வருவோம். பெரியவர் பழிக்கும் அந்த வழக்கத்துக்கு அண்மைக்காலம் வரை தமிழ் நாட்டிலேயே பெயர் இருந்தது. செட்டிநாட்டு நகரத்தார் அதனை 'வேறு வைத்தல்' என்பார்கள். இளங்கோ பயன்படுத்தும் 'வேறு' என்ற அதே சொல் இது. நகரத்தார் தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள் என்று மரபு வழியாகச் சொல்லிக்கொள்வர். அம்மரபுக் கதையையும் கண்ணகியின் மனையையும் முடிச்சுப் போட எனக்குத் துணிவில்லை. சொல் ஒத்திருக்கிறது, செயலும் ஒத்திருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

செட்டிநாட்டு வீடுகளை இன்று சுற்றுலாப் பயணிகள் பர்மாத் தேக்குத் தூண்களுக்காகவும் ஆத்தங்குடித் தளக் கற்களுக்காகவும் பார்க்கச் செல்கிறார்கள். அவ்வீடுகளின் உள்ளமைப்பைச் சற்றே கூர்ந்து பார்த்தால் வேறொன்று புலப்படும். முகப்பைக் கடந்ததும் வளவு. நடுவே வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் வரிசையாக அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அவனுக்கும் அவன் மனைவிக்கும் உரிய பண்ட பாத்திரங்கள் அதனுள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். பின்கட்டில் ஒவ்வொருவர்க்கும் தனி அடுப்பு. திருமணம் முடிந்து குறித்த காலம் ஆனதும் பெற்றோர் மகனையும் மருமகளையும் வேறு வைப்பார்கள். ஓர் ஆண்டுக்கு வேண்டிய நெல்லும் பருப்பும் புளியும் செலவுப் பணமும் பொதுவிலிருந்து அளந்து கொடுக்கப்படும். அதன்பின் அவர்கள் உலை வேறு, கணக்கும் வேறு. பெருங்கூரையும் சொத்தும் வாணிபமும் மட்டும் பொது. கோயில் வரிக்கு மணமான ஆண் ஒருவனை ஒரு 'புள்ளி' என்று எண்ணுவர். ஒரே வீட்டில் பல புள்ளிகள் இருக்கும். பல உலைகள் கொதிக்கும். 1909இல் தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய தம் பெருந்தொகுதியை வெளியிட்ட எட்கர் தர்ஸ்டனும் ஒரே கூரையின் கீழ் தனித்தனியே சமைக்கும் இவ்வழக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறார்.

இது கஞ்சத்தனத்தால் வந்த ஏற்பாடு என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கணவன்மார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் மூன்றாண்டுக் கணக்கில் தொழில் பார்க்கச் சென்றுவிடுவர். இளம் மனைவி அளந்து கொடுத்த நெல்லை அடுத்த அளவுவரை நீட்டிக்க வேண்டும். வரவு செலவை எழுத வேண்டும். வந்தவர்க்கு இலை போட வேண்டும். மாமியார் நான்கடி தொலைவில் தன் அடுப்பங்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். தவறினால் கைகொடுப்பாள் அல்லது சொல்லிக் காட்டுவாள், இரண்டும் நடந்திருக்கும். சிலப்பதிகாரத்து மாமியார் 'காண' விரும்பியதும் இதைத்தானே.

யாழ்ப்பாணத்தில் இதே செயல் பெண் வீட்டார் கையில் இருந்தது. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்த தேசவழமை சீதனத்தை விரிவாகப் பேசுகிறது. அங்கே மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்பதும், மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து சேர்வதும் பெருவழக்கு. மட்டக்களப்புப் பகுதியில் மகளுக்குத் தாம் இருந்த வீட்டையே கொடுத்துவிட்டுப் பெற்றோர் அருகில் வேறொரு வீடு கட்டிக்கொண்டு போவதுண்டு. கொடுப்பவர் மாறினாலும், புதுமணத் தம்பதியர்க்கு மனை ஏற்படுத்துவது மூத்தோர் கடன் என்பது மாறவில்லை.

உழைத்து உண்ணும் எளிய மக்களைப் பற்றியும் இங்கே ஒரு சொல் சொல்ல வேண்டும். கூட்டுக்குடும்பம் நடத்தக் கூட்டுச் சொத்து வேண்டும். நிலமும் தொழுவமும் களஞ்சியமும் இல்லாதவன் வீட்டில் எதைக் கூட்டாக வைத்துக்கொள்வது? மகனுக்கு மணமானதும் பக்கத்தில் நான்கு கழிகளை நட்டுக் கீற்று வேய்ந்துகொடுப்பதே அங்கு வழக்கம். நம் பெரியவர்கள் 'எங்கள் காலம்' என்று சொல்லும்போது பெரும்பாலும் நிலமுடையோர் காலத்தைத்தான் சொல்கிறார்கள். சமூகவியலாளர் ஏ. எம். ஷா 1973இல் வெளியிட்ட நூலில் குஜராத் கிராமம் ஒன்றை ஆராய்ந்து, கூட்டுக்குடும்பம் சிதைந்து தனிக்குடும்பம் தோன்றியது என்ற நேர்கோட்டுக் கதையை ஐயுற்றார். ஒரே குடும்பம் ஒரு காலத்தில் கூடியும் வேறொரு காலத்தில் பிரிந்தும் வாழ்கிறது என்பது அவர் காட்டிய உண்மை. தமிழ் நாட்டுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

அடுப்பே குடும்பத்தின் அடையாளம் என்ற எண்ணம் அரசாங்கத்தின் ஏடுகளிலும் புகுந்திருப்பதைக் காணலாம். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரே சமையற்கட்டிலிருந்து உண்போரே ஒரு குடும்பம். அந்தக் கணக்குப்படி செட்டிநாட்டு வீடொன்றில் பத்து அடுப்பு எரிந்தால் பத்துக் குடும்பங்கள். நியாயவிலைக் கடைக்கான குடும்ப அட்டை கேட்டு நம் மாநிலத்தில் விண்ணப்பிப்போரும் தனியே சமைத்து வாழ்கிறோம் என்று காட்ட வேண்டியவர்களே. நீதிமன்றங்களோ வேறொரு நூலைப் பிடித்துக்கொண்டன. உலை வேறாகிவிட்டது என்பதனால் மட்டும் சொத்துப் பாகப்பிரிவினை ஆகிவிட்டதாகக் கொள்ள முடியாது என்பது இந்துச் சட்ட வழக்குகளில் நிலைபெற்ற கொள்கை. உலை வேறு, உறவும் உடைமையும் ஒன்று என்ற நிலை நம் சட்டத்துக்கே பழகிப்போன ஒன்றாக இருந்திருக்கிறது.

அப்படியானால் எதுதான் புதிது? வாடகை. என் எண்ணத்தில், புதிதாக வந்தது தனிக்குடித்தனம் அன்று. மனையைக் கொடுக்கும் கை மாறியதே புதிது.

மொழியிலும் இம்மாற்றத்தின் தடம் இருக்கிறது. 'குடித்தனம் வைத்தார்கள்', 'வேறு வைத்தார்கள்' என்பது பழைய பேச்சு. அதில் பெரியோர் எழுவாய், தம்பதியர் செயப்படுபொருள். 'தனிக்குடித்தனம் போய்விட்டார்கள்' என்பது பிற்காலப் பேச்சு. இதில் தம்பதியரே எழுவாய். 'போய்விட்டார்கள்' என்பதில் ஒரு குற்றச்சாட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டு வாடகைக்குக் 'குடிக்கூலி' என்ற பழைய சொல்லும் உண்டு. பிறர் மனையில் குடியிருப்பதற்குக் கொடுக்கும் கூலி. அச்சொல்லை இன்று யாரும் வழங்குவதில்லை என்பது வருத்தமே. வாடகை என்ற சொல்லில் இல்லாத ஒரு நேர்மை அதில் இருக்கிறது.

சென்னைப் பட்டணத்தில் இக்கை மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை மக்கள்தொகைக் கணக்கே ஓரளவு சொல்லிவிடும். 1901இல் நகர மக்கள் ஏறத்தாழ 5.09 இலட்சம். 1921இல் 5.27 இலட்சம், இருபது ஆண்டுகளில் பெரிய ஏற்றம் இல்லை. 1941இல் 7.77 இலட்சம். 1951இல் 14.16 இலட்சம். இடையில் நகர எல்லை விரிவடைந்ததும் கடைசி ஏற்றத்துக்கு ஒரு காரணம். ஆயினும் எழுத்தர் வேலைக்கும் ஆசிரியர் வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்து குவிந்தோர் தொகை சிறிதன்று. அவர்களுக்குப் பின்னால் ஊரிலிருந்து இளம் மனைவியர் வந்தனர். தஞ்சையிலும் நெல்லையிலும் இருந்த மாமியார் மகனை வேறு வைக்க விரும்பினாலும் சென்னையில் அவளுக்கு ஏது மனை? 1920களில் நெடுங்குளத்தைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவானபோது சொந்த வீடு கட்டிக்கொள்ள முடிந்தோர் சிலர். ஏனையோர் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ச் சந்துகளில் வீடு தேடினர்.

அங்கே அவர்களுக்குக் கிடைத்தவை ஒண்டுக்குடித்தனங்கள். இதில் ஒரு விந்தை உண்டு. ரேழி, முற்றம், தாழ்வாரம், இரண்டாங்கட்டு என்று ஒரு பெருங்குடும்பத்துக்காகக் கட்டிய வீடுகளையே துண்டு துண்டாகப் பிரித்துக் குடிவைத்தார்கள். முற்றத்தைச் சுற்றி அறைகள், ஒவ்வோர் அறைக்கும் ஓர் அடுப்பு, பொதுவில் ஒரு கிணறு. கட்டடத்தைப் பொறுத்தவரை செட்டிநாட்டு வளவுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அங்கே அடுத்த அடுப்பில் சமைப்பவள் ஓரகத்தி. இங்கே முன்பின் அறியாதவள். சில மாதங்களில் அவளும் ஓரகத்தி போலவே ஆகிவிடுவாள். அவளிடம் காப்பிப்பொடி கடன் வாங்கலாம், கிணற்றடியில் சண்டையும் போடலாம். 1968இல் வந்த 'எதிர்நீச்சல்' திரைப்படத்தைப் பார்த்தவர்க்கு இவ்வுலகம் விளக்க வேண்டாதது. கே. பாலசந்தர் அதை முதலில் நாடகமாகவே எழுதினார்.

போர்க்காலத்தில் வீடு கிடைப்பது அரிதாகி வாடகை ஏறியது. 1941இல் போர்க்காலப் பாதுகாப்பு விதிகளின்கீழ் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. அடுத்த ஆண்டே, 1942 ஏப்ரலில், ஜப்பானியர் குண்டு வீசுவர் என்ற அச்சத்தில் நகரம் காலியானது. பூட்டிய வீடுகள் தெருத்தெருவாக நின்றன. அச்சம் நீங்கியதும் மக்கள் திரும்பினர், நெருக்கடியும் திரும்பியது. போர் முடிந்தபின் 1946இலும் 1949இலும் 1960இலும் தொடர்ந்து கட்டட வாடகைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒரு வீடு காலியானால் ஏழு நாட்களுக்குள் வீட்டுக்காரர் அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அரசு தன் ஊழியர்களுக்காக அவ்வீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி 1960ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது. எத்தனை வீட்டுக்காரர்கள் தெரிவித்தார்கள் என்று கேட்க வேண்டாம்.

அச்சட்டத்தில் மற்றொரு விதியும் உண்டு: ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது. அதிகமாகப் பெற்ற தொகையை வாடகை நிலுவைக்கு ஈடாக்கலாம் என்று 1996இல் உச்ச நீதிமன்றமும் ஒரு சென்னை வழக்கில் சொன்னது. பத்து மாத முன்பணம் என்பது பால் விலை போல எல்லோர்க்கும் தெரிந்த வழக்கமாக நகரில் நிலவிய காலம் அது. அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்தது. இது மூன்று மாத வாடகையை முன்பணத்துக்கு அளவாக வைக்கிறது. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யச் சொல்கிறது. சட்டங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்று: வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எப்போது வெளியேற்றலாம் என்பதையே இவை பேசுகின்றன. அந்த மனையில் யார் வந்து உண்ணலாம், எத்தனை நாள் தங்கலாம் என்பது வீட்டுக்காரரின் வாய்மொழிக்கு விடப்பட்டது. மாமியார் வைத்த மனைக்கும் வாடகை மனைக்கும் உள்ள பெரிய வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

இதைச் சொல்லக் கண்ணகியிடமே மீண்டும் செல்ல வேண்டும். புகாரின் மனையை வைகறை இருளில் விட்டு நீங்கிய அவளுக்கு மதுரையில் இரண்டாவதாக ஒரு மனை அமைந்தது. கவுந்தியடிகள் அவளை ஆயர்குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி அவர்களைத் தன் மக்களோடு நெருக்கியடித்து வைக்கவில்லை. செம்மண் பூசிய, பந்தரிட்ட, காவலுள்ள சிற்றில் ஒன்றைத் தனியே ஒழித்துக் கொடுக்கிறாள். சமண நோன்பினர் என்பதால் புதுக்கலங்களைத் தருகிறாள். பலாக்காயும் வெள்ளரியும் மாதுளங்காயும் மாங்கனியும் வாழைப்பழமும் நெல்லரிசியும் பாற்பயனும் தருகிறாள். உதவிக்குத் தன் மகள் ஐயையையும் விடுகிறாள். ஏவலர் சூழ வாழ்ந்த கண்ணகி, காய் அரிந்து விரல் சிவக்க, முகம் வியர்க்க, புகையில் கண் சிவக்கச் சமைத்துக் கணவனுக்கு வாழையிலையில் படைக்கிறாள். ஒரே ஒரு வேளை. பின் அவன் சிலம்போடு கடைவீதிக்குப் போகிறான்.

அந்த உணவுக்குப் பின் அவர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில், கோவலன் பிரிந்திருந்த காலத்தில் தான் எதை இழந்தேன் என்று கண்ணகி சொல்கிறாள். பொன்னை இழந்ததாக அவள் சொல்லவில்லை. அறவோர்க்கு அளித்தல், துறவோரை எதிர்கொள்ளல், விருந்தினரை ஏற்றல் ஆகியவற்றை இழந்து நின்றதாகச் சொல்கிறாள். மாமனும் மாமியும் தன்னைக் காண வந்தபோது துயரை மறைத்துப் புன்னகை செய்ததையும், அப்பொய்ப் புன்னகை கண்டு அவர்கள் வருந்தியதையும் சொல்கிறாள். எதற்காக மாமியார் தனி மனை வைத்தாளோ அதுவே இழந்தவற்றின் பட்டியலாகிறது.

வாடகை வீட்டில் இந்த இழப்பு முதல் நாளிலேயே தொடங்கிவிடும். நான் அறிந்த வரையில் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டு, சென்னை தண்ணீருக்குத் தவித்த கோடையில், நானும் மனைவியும் திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியேறினோம். மணமாகி இரண்டு மாதம். வீட்டுக்கார அம்மையார் விதித்தவை நான்கு: இரவு பத்து மணிக்கு வாசற்கதவு பூட்டப்படும், கீழே இருப்பவர் தலையில் இடிப்பது போலிருக்கும் ஆதலால் உரலோ அம்மியோ கூடாது, ஆணி அடிக்கலாகாது, நாளொன்றுக்கு இரண்டு குடம் குடிநீர், ஆறு வாளி புழங்குநீர், அதுவும் இரண்டு பேருக்கு மட்டும். அவர் கெட்டவர் அல்லர். லாரித் தண்ணீர் வராத நாளில் அவரே பக்கத்துத் தெருக் குழாயடியில் குடத்தோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரை அளப்பவர் ஆளையும் அளக்கத்தான் வேண்டும்.

அம்மா ஊரிலிருந்து வந்தாள். இரவுப் பேருந்தில் இரண்டு மூட்டை. பித்தளை அடுக்கு, ஈயச்சொம்பு, அரிவாள்மணை, முறம், தோசைக்கல், ஒரு படி உளுந்து, புளி உருண்டை, சிறிய மண்பானையில் கல்லுப்பு. அம்மியைப் பற்றிக் கேட்டாள், கூடாதென்று சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப சட்டினிக்கு என்ன செய்வா?" என்றாள். பாலைத் தானே காய்ச்சிப் பொங்கவிட்டாள். தரையில் சிந்திய பாலைத் துடைக்க விடவில்லை; சாயங்காலம் வரை இருக்கட்டும் என்றாள். மறுநாள் காலை வீட்டுக்கார அம்மையார் படியேறி வந்து வாசலில் நின்று, "அம்மா எத்தனை நாள் இருப்பாங்க?" என்று என் மனைவியிடம் கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை. ஆறு வாளியை மூவருக்குப் பகிர வேண்டிய கணக்குதான் அது. அம்மா உள்ளே முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். முறத்தின் ஓசை நின்றது.

பத்து நாள் இருப்பதாக வந்தவள் மூன்றாம் நாள் புறப்பட்டாள். காரணம் கேட்டதற்கு ஊரில் மாடு கன்று போடும் நாள் என்றாள். கிளம்புமுன் கொண்டுவந்த உளுந்தில் பாதியை ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு கீழே சென்றாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன்.

"நம்ம காட்டு உளுந்துங்க. இட்லிக்கு நல்லா இருக்கும். புள்ளைங்க ரெண்டும் சின்னதுங்க. உங்ககிட்டதான் விட்டுட்டுப் போறேன், பாத்துக்கிடுங்க" என்றாள் அம்மா.

வீட்டுக்கார அம்மையார் உளுந்தை வாங்கித் தம் பாத்திரத்தில் மாற்றிக்கொண்டு, அம்மாவின் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தார்.

"அதுக்கென்னம்மா, பாத்துக்கறேன். அடுத்த தடவை வர்றப்ப மட்டும் கொஞ்சம் முன்னாடியே சொல்லிடச் சொல்லுங்க" என்றார்.